மெர்சோவின் நாணயம்

அல்ஜியர்ஸில் கடலைப் பார்த்த ஓர் அலுவலகம். அங்கே கை துடைக்க உருளையில் மாட்டிய துண்டு ஒன்று தொங்குகிறது. இழுக்க இழுக்கச் சுற்றிக்கொண்டு வரும். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது கை கழுவி அதில் துடைத்துக்கொள்வது மெர்சோவுக்குப் பிடிக்கும். சாயங்காலம் அவ்வளவாகப் பிடிக்காது. நாள் முழுக்க எல்லோரும் துடைத்துத் துண்டு சொதசொதவென்று ஆகியிருக்கும். இதை முதலாளியிடம் ஒருமுறை சொல்லியும் பார்த்தான். வருத்தத்துக்குரியதுதான், ஆனால் சின்ன விஷயம் என்று அவர் முடித்துவிட்டார். அதே முதலாளி பிறகு ஒருநாள், பாரிஸில் கிளை திறக்கப்போகிறேன், அங்கே போகிறாயா என்று கேட்கிறார். இங்கே இருந்தாலும் அங்கே போனாலும் தனக்கு ஒன்றுதான் என்கிறான் மெர்சோ. ஈரத்துண்டைப் பெரிதாக எண்ணி, பாரிஸைப் பெரிதாக எண்ணாத ஒருவனை எதற்கும் மதிப்புக் கொடுக்காதவன் என்று எப்படிச் சொல்வது?

ஆல்பெர் காம்யு 1942இல், ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில் வெளியிட்ட நாவலின் நாயகன் இவன். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே தமிழாக்கி, க்ரியா 1980இல் 'அந்நியன்' என்ற பெயரில் கொண்டுவந்தது முதல் நம்மிடையேயும் இருக்கிறான். அம்மா செத்ததற்கு அழாதவன், மறுநாளே ஒரு பெண்ணோடு நீந்தப் போனவன், காரணம் சொல்லத் தெரியாமல் ஒருவனைச் சுட்டவன் என்றுதான் பெரும்பாலும் அவனைச் சொல்லி வந்திருக்கிறோம். அவனுக்கும் மதிப்பீடுகள் உண்டு, அவை கறாரானவை என்பது என் வாசிப்பு. அந்த மதிப்பீடுகளில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. அவனுக்கு உணர்ச்சி குறைவு என்பதில் இல்லை அந்த ஓட்டை. நாவலில் வேறோர் இடத்தில், ஒரு மேசைமேல், காம்யு அதை அப்பட்டமாக வைத்திருக்கிறார்.

தமிழில் படிப்பவருக்கு முதல் பக்கங்களிலேயே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. 'பற்றற்றவன்' என்ற சொல் நம் நாக்கு நுனியில் இருப்பதால் மெர்சோவுக்கு அதைச் சூட்டிவிடத் தோன்றும். ஆனால் துறவு என்றால் இன்னதென்று நமக்குக் காட்டிய பட்டினத்தார், அத்தனையும் விட்ட பிறகும், தாயின் சிதைக்கு முன்னால் நின்று உருகிப் பாடியவர். மெர்சோவின் கதை நேர் எதிர். அவன் எதையும் விட்டவன் இல்லை. வெயில், கடல், அவனோடு நீந்திய மரியின் கூந்தலிலிருந்து தலையணையில் ஒட்டிய உப்பு வாசனை, பால் விட்ட காப்பி, சிகரெட், ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து சாயங்காலம்வரை தெருவைப் பார்ப்பது என்று உடம்புக்கு எட்டும் அத்தனையிலும் அவனுக்குப் பற்று உண்டு. சார்த்தர் 1938இல் எழுதிய 'குமட்டல்' நாவலின் ரொகாந்தனை இவனோடு ஒரே தட்டில் வைப்பது வழக்கம். ரொகாந்தனுக்கோ ஒரு மரத்தின் வேரைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டுகிறது. மெர்சோவுக்குப் பொருள்களின் மேல் அருவருப்பே கிடையாது. தன்னை இருத்தலியக்காரர் என்று அழைப்பதைக் காம்யு 1945லேயே ஒரு பேட்டியில் மறுத்திருக்கிறார். அந்த மறுப்பை நம்ப இந்த ஒரு வேறுபாடே எனக்குப் போதும்.

மெர்சோவுக்கு ஒட்டாதவை பெரிய சொற்கள்: அன்பு, துக்கம், வருத்தம், முன்னேற்றம், கடவுள். யாராவது அவற்றை நீட்டினால் வாங்கி மோந்து பார்க்கிறான். தன்னிடம் இருப்பதோடு பொருந்தவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். நீ என்னைக் காதலிக்கிறாயா என்று மரி கேட்கிறாள். அந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை, இருந்தாலும் காதலிக்கவில்லை என்றே தோன்றுகிறது என்கிறான். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்றால், உனக்கு விருப்பமானால் செய்துகொள்ளலாம் என்கிறான். இதையே வேறொருத்தி கேட்டிருந்தால்? ஒத்துக்கொண்டிருப்பேன் என்கிறான். ஒரு பெண்ணிடம் இப்படிப் பேசுவது கொடுமை. ஆனால் ஏமாற்று இதில் ஒரு துளியும் கிடையாது. மரி இதைக் கேட்டுவிட்டு, நீ ஒரு விசித்திரமான ஆள், அதனால்தான் உன்னைப் பிடிக்கிறதோ என்னவோ, இதே காரணத்துக்காகப் பின்னால் வெறுத்தாலும் வெறுக்கலாம் என்கிறாள். நாவலில் அவனைச் சரியாகப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவள்தான்.

இந்தக் கறார் அவன் உயிருக்கே வினையாகும் இடம் வழக்கறிஞர் சிறைக்கு வரும் காட்சி. அம்மாவின் அடக்கத்தன்று உணர்ச்சியை அடக்கிக்கொண்டிருந்தீர்கள் என்று நீதிமன்றத்தில் சொல்லலாமா என்று கேட்கிறார் அவர். தலையைக் காப்பாற்ற அந்த ஒரு வாக்கியம் போதும். சொல்லக் கூடாது, அது உண்மையில்லை என்கிறான். அன்றைக்கு அவனுக்குக் களைப்பு, தூக்கம். அம்மா சாகாமல் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்பதும் அவனுக்கு உண்மை. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறான், எதையும் கூட்டாமல், எதையும் குறைக்காமல். விசாரணை நீதிபதி செய்ததற்கு வருந்துகிறாயா என்று கேட்டபோதும் யோசித்துப் பார்த்து, வருத்தத்தைவிட ஒருவிதச் சலிப்புதான் என்கிறான். கேட்பவருக்கு ரத்தம் கொதிக்கும் பதில் இது. அவனைப் பொறுத்தவரை, தராசு காட்டியதைப் படித்துச் சொன்னான், அவ்வளவுதான்.

நாணயம் என்ற சொல்லைத்தான் இதற்குப் பயன்படுத்த வேண்டும். எடை குறைக்காத கடைக்காரரை நாணயமானவர் என்கிறோமே, அந்தப் பொருளில். 1955இல் ஓர் அமெரிக்கப் பாடப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் காம்யுவே இதைத்தான் சொல்கிறார். இல்லாததைச் சொல்வது மட்டும் பொய் ஆகாது. உள்ளதைவிட மிகுத்துச் சொல்வதும், உள்ளம் உணர்வதற்கு மேலாகச் சொல்வதும் பொய்தான். நாமெல்லாரும் வாழ்க்கையைச் சுலபமாக்கிக்கொள்ள நாள்தோறும் செய்யும் அதைச் செய்ய மெர்சோ மறுக்கிறான் என்பது அவர் வாதம். அவனை நமக்குத் தகுதியான ஒரே கிறிஸ்து என்று அழைக்கும் அளவுக்கு அவர் போனார். முரண்சுவையோடு சொன்னதாக அவரே அங்கே ஒப்புக்கொண்டாலும், அந்தச் சொல் மெர்சோவின் தலையைச் சுற்றி ஒளிவட்டமாக நின்றுவிட்டது.

இப்படி மிகுத்துச் சொல்ல மறுக்கும் ஆளைக் காம்யு எங்கே பிடித்தார்? ஒரு பகுதி விடை அவர் வீட்டில் இருக்கிறது. 1913 நவம்பரில் பிறந்தவர். அடுத்த ஆண்டே முதல் உலகப் போரில் தந்தை இறந்தார். அல்ஜியர்ஸின் பெல்கூர் பகுதியில், பாட்டியின் அதிகாரத்தில் இருந்த ஓர் ஏழை வீட்டில், பிறர் வீடுகளைப் பெருக்கித் துடைத்துக் குடும்பத்தைக் காத்தவர் தாய் கத்ரீன். அவருக்குக் காது பாதி கேட்காது. பேச்சு மிகக் குறைவு. எழுதப் படிக்கத் தெரியாது. மகன் மேல் அவருக்கு அன்பு இருந்தது. அந்த அன்புக்குச் சொல் இருந்ததில்லை. 1937இல் வந்த முதல் கட்டுரை நூலிலேயே அந்தத் தாயின் விநோதமான மௌனத்தைப் பற்றிக் காம்யு எழுதிவிட்டார். அந்த நூலை 1958இல் மறுபதிப்பிட்டபோது, தான் எழுத நினைக்கும் எதன் நடுவிலும் ஒரு தாயின் மௌனமே இருக்கும் என்று முன்னுரையில் சொன்னார். அவர் இறந்து முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து வெளியான 'முதல் மனிதன்' கைப்பிரதி, அதைப் படிக்கவே முடியாத அந்தத் தாய்க்குத்தான் காணிக்கை. அன்பு இருந்தால் சொல்லியிருப்பான், துக்கம் இருந்தால் அழுதிருப்பான் என்ற அரசுத் தரப்பு வாதம், பெல்கூரின் அந்த வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு எவ்வளவு அபத்தமாகப் பட்டிருக்கும்!

மெர்சோ அம்மாவைக் குறிக்கும் சொல்லும் இதோடு சேர்ந்தது. பிரெஞ்சில் அது குழந்தை கூப்பிடும் சொல். 1946இல் ஸ்டூவர்ட் கில்பர்ட் ஆங்கிலத்தில் அதை முறைப்படியான சொல்லாக மாற்றினார். நாயகன் இன்னும் ஒரு பங்கு குளிர்ந்துபோனான். 1988இல் மாத்யூ வார்ட் பிரெஞ்சுச் சொல்லையே அப்படியே வைத்துவிட்டார். தமிழுக்கு இந்தச் சிக்கல் வரவே இல்லை. தந்தியிலும் அம்மாதான், தூளியிலும் அம்மாதான். அதனாலேயே தமிழ் மெர்சோ ஆங்கில மெர்சோவைவிடச் சற்றே வெதுவெதுப்பானவன் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அவன் துக்கப்படவே இல்லை என்பவர்கள் சலமானோவின் நாய் தொலைந்த இரவைத் திரும்பப் படிக்க வேண்டும். அதே கட்டடத்தில் குடியிருக்கும் கிழவர் சலமானோ எட்டு வருடமாகத் தோல்நோய் பிடித்த ஒரு நாயை வளர்க்கிறார். தினம் திட்டுவார், அடிப்பார், இழுத்துக்கொண்டு போவார். அது தொலைந்ததும் பதறிப்போய் மெர்சோவிடம் வருகிறார். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விநோதமான சத்தம். கிழவர் அழுகிறார் என்று மெர்சோவுக்குப் புரிகிறது. ஏனோ தெரியவில்லை, அவனுக்கு அம்மாவின் நினைவு வருகிறது. மறுநாள் சீக்கிரம் எழுந்தாக வேண்டும். பசியில்லை. சாப்பிடாமல் படுத்துவிடுகிறான். நாவலில் இந்த ஆள் பசியோடு சாப்பிடும் இடங்களை எண்ணிப் பார்த்தவருக்குத்தான் அந்தப் பட்டினியின் எடை தெரியும். துக்கம் என்ற பெயர் அதற்கு அவனிடம் இல்லை. பெயர் இல்லாததால் சொல்லவில்லை.

1943 பிப்ரவரியில் இந்த நாவலைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதிய சார்த்தர், இதன் ஒவ்வொரு வாக்கியமும் தனித் தீவு என்று கவனித்தார். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் இடையே காரணகாரியப் பாலம் கிடையாது. ஒன்று முடிகிறது, இன்னொன்று தொடங்குகிறது. வடிவத்தைப் பற்றிய கவனிப்பு இது. ஒழுக்கத்தைப் பற்றியதாகவும் எனக்குப் படுகிறது. பசியில்லாததற்கும் அம்மாவின் நினைவுக்கும் நடுவே பாலம் போட்டுவிட்டால் அது கண்ணீர்க் கதை ஆகிவிடும். மெர்சோ போடுவதில்லை. நீதிமன்றத்தில் மற்றவர்கள் போடுகிறார்கள். தாயைப் பார்க்கப் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை, காப்பி குடித்தான், சிகரெட் பிடித்தான், மறுநாள் ஃபெர்னாந்தெல் நடித்த சிரிப்புப் படம் பார்த்தான், ஆகவே கொன்றான்.

காம்யுவுக்கு நீதிமன்றம் பழகிய இடம். 1938 அக்டோபரில் தொடங்கிய 'அல்ஜே ரெபுப்ளிக்கேன்' நாளிதழில் பாஸ்கல் பியாவின் கீழ் நிருபராக வேலை பார்த்தபோது வழக்குகளைத் தொடர்ந்து எழுதினார். கோதுமைக் கொள்முதல் அலுவலர் ஒருவர் மேல் ஜோடிக்கப்பட்ட திருட்டு வழக்கு, அல்ஜியர்ஸ் முஃப்தி கொலையில் உடந்தை என்று குற்றம் சாட்டப்பட்ட ஷேக் எல் ஒக்பியின் வழக்கு என 1939இல் அவர் எழுதியவற்றில் ஒரு சாமானியனுக்கோ ஓர் அராபியனுக்கோ இழைக்கப்படும் அநீதி நுணுக்கமாகப் பதிவாகியிருக்கிறது. அந்த ஜூனில் கபிலியா மலைப்பகுதியின் பஞ்சத்தைப் பற்றி அவர் எழுதிய தொடரில் கூலி, தானிய அளவு, பள்ளிக்கூட எண்ணிக்கை எல்லாம் கணக்கோடு வரும். அராபியரையும் கபில் மக்களையும் காணாமல் கடந்துபோகும் கண் அவருடையதல்ல. 1940 மேயில் பாரிஸில் ஒரு விடுதி அறையில் இந்த நாவலை முடித்தவரும் அதே மனிதர்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மூன்றாம் அத்தியாயத்துக்குப் போவோம்.

அந்த அத்தியாயத்தில் அண்டை வீட்டு ரேமோன், மெர்சோவைச் சாப்பிடக் கூப்பிடுகிறான். சேமக்கிடங்கில் வேலை என்று அவன் சொல்லிக்கொள்கிறான். பெண்களை வைத்துப் பிழைக்கிறான் என்பது பேட்டைப் பேச்சு. ரத்தம் அடைத்த பன்றிக்குடலும் ஒயினும் விருந்து. தன் செலவில் வாழும் ஒரு பெண் தன்னை ஏமாற்றுகிறாள் என்கிறான். ஏற்கெனவே ரத்தம் வர அடித்திருக்கிறான். அது போதவில்லை. அவளை வரவழைக்க ஒரு கடிதம் எழுத வேண்டும்; ஒருபக்கம் உதைக்கவும் வேண்டும், மறுபக்கம் அவள் ஏங்கவும் வேண்டும். அவள் வந்ததும் படுக்கைக்கு அழைத்துப்போய், கடைசிக் கணத்தில் முகத்தில் துப்பி வெளியே தள்ள வேண்டும். இதுதான் திட்டம். கடிதத்தை நீ எழுதித் தருகிறாயா?

மேசையைத் துடைத்துவிட்டு ரேமோன் எடுத்து வைப்பவற்றை மெர்சோ ஒவ்வொன்றாகச் சொல்கிறான்: கட்டம் போட்ட தாள், மஞ்சள் உறை, சிவப்பு மரக் கைப்பிடி கொண்ட பேனா, சதுரப் புட்டியில் ஊதா மசி. பிறகு ரேமோன் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்கிறான். பெயரைக் கேட்டதும் அவள் மூர் இனத்தவள் என்று மெர்சோவுக்குத் தெரிகிறது. கடிதத்தை எழுதி முடிக்கிறான். ரேமோனைத் திருப்திப்படுத்தாமல் இருக்க அவனிடம் காரணம் எதுவும் இல்லை, அதனால் திருப்திப்படுத்தினான்.

அந்தப் பெயர் என்ன? நமக்குச் சொல்லப்படுவதே இல்லை. மசியின் நிறம் தெரியும், உறையின் நிறம் தெரியும், பேனாக் கைப்பிடி எந்த மரம் என்பதைத் தவிர எல்லாம் தெரியும். பெயரை அவன் காதால் கேட்டான், கடிதத்தின் தலைப்பில் எழுதியும் இருக்கலாம். பார்த்ததையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதையே நாணயமாகக் கொண்டவன் முதன்முறையாக ஒன்றைக் குறைத்துச் சொல்கிறான், குறைத்தோம் என்ற உணர்வே இல்லாமல். இந்த நாவலை இளம் வயதில் படித்தபோது இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். மெர்சோவைப் போல இருக்க வேண்டும் என்ற வேகத்தில் படித்த காலம் அது. ரொம்ப நாள் கழித்துத்தான் அந்த ஊதா மசியில் கண் நின்றது.

கடிதம் வேலை செய்கிறது. ஒரு ஞாயிறு காலை மெர்சோவும் மரியும் அறையில் இருக்கும்போது ரேமோன் வீட்டிலிருந்து அடி விழும் சத்தமும் அலறலும். போலீஸைக் கூப்பிடு என்கிறாள் மரி. எனக்குப் போலீஸைப் பிடிக்காது என்கிறான் இவன். இரண்டாம் மாடியில் குடியிருக்கும் குழாய் வேலைக்காரர் போலீஸை அழைத்து வருகிறார். திரும்ப அறைக்கு வந்து சாப்பிட உட்காருகிறார்கள். மரிக்குப் பசி இல்லை. கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மெர்சோ சாப்பிடுகிறான். சலமானோவின் நாய் தொலைந்ததும் அதே நாள் இரவுதான். கிழவரின் அழுகை சுவரைத் தாண்டி இவன் பசியைத் தொடுகிறது. அந்தப் பெண்ணின் அலறல் தொடவில்லை. ஒரே நாளின் இரண்டு சாப்பாட்டு வேளைகளைக் காம்யு இப்படி அடுத்தடுத்து வைத்ததைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அன்று மத்தியானமே ரேமோன் வந்து, எனக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்கிறான். மெர்சோவுக்கு ஆட்சேபம் இல்லை. என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை. அந்தப் பெண் எனக்குத் துரோகம் செய்தாள் என்று சொன்னால் போதும் என்று ரேமோன் எடுத்துக்கொடுக்கிறான். அந்த வாரமே காவல் நிலையத்துக்குப் போய் மெர்சோ அப்படியே சொல்கிறான். ரேமோனுக்கு ஓர் எச்சரிக்கையோடு விடுதலை. தன் சாட்சியை யாரும் சரிபார்க்கவில்லை என்றும் போகிற போக்கில் குறிப்பிடுகிறான்.

அந்தப் பெண் என்ன செய்தாள் என்பது இவனுக்குத் தெரியாது. அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக, இன்னொருவன் வாயில் போட்ட சொற்களால், அரசு அதிகாரியின் முன் சொல்கிறான். தன் தலையைக் காப்பாற்ற ஒரு வாக்கியம் மிகுத்துச் சொல்ல மறுக்கப்போகிறவன், ரேமோனைக் காப்பாற்ற மிகுத்துச் சொல்லிவிட்டான். அப்படியானால் 1955 முன்னுரையின் மெர்சோ, பொய் சொல்ல மறுப்பவன், முழு மெர்சோ இல்லை. அவன் தராசு தன் நெஞ்சில் உள்ளதை எடை போடும்போது மட்டும் பிசகாதது. இன்னொருவர் மேல் விழும் அடியை எடை போட அதில் தட்டே கிடையாது. அன்பு, துக்கம் என்ற பெரிய சொற்களை மறுத்தது சரிதான். அலறல் பெரிய சொல் இல்லை. வெயிலைப் போல, ஈரத்துண்டைப் போல அதுவும் உடம்புக்கு நேரே வந்து மோதும் உண்மை. அவன் கணக்குப்படியே அது சேர்ந்திருக்க வேண்டும்.

கடற்கரையில் அவன் சுடுவது அந்தப் பெண்ணின் சகோதரனை. வெயில், அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்கு இருந்த அதே வெயில், கத்தியின் பளபளப்பு, ஒரு குண்டு, ஓர் இடைவெளி, பிறகு நான்கு குண்டுகள். அந்த இடைவெளியை வைத்து எழுதப்பட்ட பக்கங்களுக்குக் கணக்கில்லை. ரெனே ஜிரார்த் 1964இல், மெர்சோ குற்றமற்றவனாகவும் கொலைகாரனாகவும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்பதற்காக ஆசிரியர் வலிந்து செய்த கொலை இது என்றார். கூர்மையான குற்றச்சாட்டு. ஆனால் வெயிலுக்கு முன்னால் ஒரு கடிதம் இருக்கிறது. கடற்கரைக்கு அந்த இளைஞனைக் கொண்டுவந்தது அதுதான். கொலையை வானத்திலிருந்து விழுந்த விபத்தாகப் படித்தால் நாவல் ஜிரார்த் சொல்வது போல விரிசல் விடும். ஊதா மசியில் தொடங்கிப் படித்தால் விடாது.

அரசுத் தரப்பு வழக்கறிஞரும் கடிதத்தைப் பற்றிப் பேசத்தான் செய்கிறார், காவல் நிலையச் சாட்சியையும் கிளறுகிறார். ஆனால் மெர்சோவின் ஆன்மா எவ்வளவு கறுப்பு என்று காட்டுவதற்கு மட்டும். சாட்சிக் கூண்டில் முதியோர் இல்ல இயக்குநர் ஏறுகிறார், காவலாளி ஏறுகிறார், அம்மாவின் கடைசிக்கால நண்பர் பெரே ஏறுகிறார், உணவக முதலாளி செலஸ்த், மரி, ரேமோனின் நண்பன் மஸோன், சலமானோ, ரேமோன் எல்லோரும் ஏறுகிறார்கள். கடிதத்தைப் பெற்றவள் வரவில்லை. செத்தவனோடு கடற்கரையில் இருந்தவனும் வரவில்லை. ஓர் அராபியரின் குரல்கூட அந்தக் கூடத்தில் கேட்பதில்லை. பெண்ணைப் பற்றிய சாட்சியை யாரும் சரிபார்க்காத அதே நகரத்தில், பிணத்தருகே குடித்த காப்பிக்குக் காவலாளி சாட்சி சொல்கிறார். குடியேற்ற அல்ஜீரியாவில் ஒரு அராபியனைக் கொன்ற பிரெஞ்சுக்காரனுக்கு மரண தண்டனை கிடைத்திருக்குமா என்று கேட்டு, நாவலின் நீதிமன்றமே அந்தச் சமூகத்தின் உண்மையை மறைக்கிறது என்று 1970இல் கானர் குரூஸ் ஓ'பிரையன் வாதிட்டார். எட்வர்ட் சயீத் 1993இல் அதை இன்னும் விரித்தார். அவர்கள் சொல்வது வரலாறாகச் சரி. ஆனால் மெர்சோ தாயைப் புதைத்த விதத்துக்காகவே தண்டிக்கப்படுகிறான், கொன்றதற்காக அல்ல என்பதை நாவல் ஒளித்துச் சொல்லவில்லை, உரக்கச் சொல்கிறது. கொல்லப்பட்டவன் கொலை வழக்கிலேயே பொருட்டாகவில்லை. அதைக் காம்யு கண்டித்து எழுதினாரா, தானும் அதற்குள் நின்று எழுதினாரா என்ற கேள்விக்கு எனக்கு ஒரே விடை கிடைத்ததில்லை. கபிலியாத் தொடரை எழுதிய நிருபரை நினைத்தால் முதலாவது; 1955 முன்னுரையைப் படித்தால் இரண்டாவது. அந்த முன்னுரை நாயகனின் உண்மையைப் புகழ்கிறது. செத்தவனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஆனாலும் கேள்வி காம்யுவை விட்டுவிடவில்லை. 1942இல் வந்த 'சிசிபஸ் புராணம்' தற்கொலையைப் பற்றிக் கேட்டது. அர்த்தமற்ற உலகில் எப்படி வாழ்வது என்பதற்கு, சிறப்பாக வாழ்வதைவிட மிகுதியாக வாழ்வதே பொருட்டு என்று ஒரு கணக்கை முன்வைத்தது. மெர்சோவின் கடல் குளியல்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தும். 1951இல் வந்த 'கலகக்காரன்' கொலையில் தொடங்குகிறது. எதற்கும் அர்த்தமில்லை என்றால் கொல்வதும் கொல்லாமல் விடுவதும் ஒன்றாகிவிடுமே என்ற சிக்கலை எடுத்துக்கொண்டு, தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் நியாயம் அடுத்தவன் உயிரையும் காப்பாற்றியாக வேண்டும் என்ற இடத்துக்கு வருகிறது. மெர்சோ என்ற பெயர் சொல்லாமல் மெர்சோவுக்குச் சொன்ன பதிலாகவே நான் அதைப் படிக்கிறேன். நடுவே, 1947இல், 'கொள்ளைநோய்' நாவலில் ஓரான் நகரத்துச் சிகரெட் கடையில் ஒரு பேச்சு அடிபடும்: அல்ஜியர்ஸில் ஒரு இளம் எழுத்தர் கடற்கரையில் அராபியன் ஒருவனைக் கொன்றதற்காகக் கைதாகியிருக்கிறானாம். கடைக்குள் வந்து போகும் அளவுக்கு அந்தக் கொலை ஆசிரியரைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறது.

செத்தவனுக்குப் பெயர் கிடைக்க எழுபது ஆண்டுகள் ஆயின. அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் 2013இல் தன் நாட்டிலும் அடுத்த ஆண்டு பிரான்சிலும் வெளியிட்ட நாவலில், கொல்லப்பட்டவனின் தம்பி ஹாரூன் முதுமையில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து பேசுகிறான். அண்ணன் பெயர் மூஸா. காம்யுவின் மேல் தாவூதுக்குக் கோபமும் உண்டு, பெரும் மரியாதையும் உண்டு. ஒன்றை மற்றொன்றுக்காக விட்டுக்கொடுக்காமல் எழுதியதுதான் அந்த நாவலின் பலம்.

மெர்சோவிடம் நான் இன்றும் தலைவணங்கும் ஒன்று கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. பாதிரியார் அறைக்குள் வந்து மறுமையைப் பற்றிப் பேசுகிறார். இவன் முதன்முறையாகக் கத்துகிறான், அங்கியைப் பிடித்து உலுக்குகிறான். ஆறுதலை ஏற்க மறுக்கும் ஆத்திரம் அது. அவர் போன பிறகு நட்சத்திரங்கள் முகத்தில் விழ விழித்துக்கொண்டு, வெகுகாலத்துக்குப் பிறகு அம்மாவை நினைக்கிறான். வாழ்வின் அந்திமத்தில் அவள் ஏன் பெரேயோடு ஜோடி சேர்ந்தாள் என்பது இப்போது புரிகிறது. சாவுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தபோது அவளுக்கு விடுதலை கிடைத்திருக்கும்; எல்லாவற்றையும் மறுபடி வாழத் தயாராகியிருப்பாள்; அவளுக்காக அழ யாருக்கும் உரிமை இல்லை. அம்மாவை அடக்கம் செய்த மராங்கோவில் அழாமல் நின்றவன், அழாமல் நின்றதற்கான பொருளை இங்கேதான் அடைகிறான். இன்னொருவரின் உள்ளே போய் நின்று அவர் கண்ணால் பார்ப்பது அவனால் முடியாத காரியம் என்று அதுவரை நினைத்திருந்தோம். முடிகிறது. அம்மா விஷயத்தில், அதுவும் கில்லட்டின் நிழலில்.

அதற்கு முன்னரே அவனுக்கு ஒரு வாய்ப்பு வந்திருந்தது. கைதான அன்று பல கைதிகள் அடைபட்ட அறையில் போடுகிறார்கள். பெரும்பாலும் அராபியர்கள். இவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். ஒரு அராபியனைக் கொன்றேன் என்கிறான், வழக்கம்போல் கூட்டாமல் குறைக்காமல். அவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சற்று நேரத்தில் இருட்டிவிடுகிறது. படுக்க வேண்டிய பாயை எப்படிப் போட வேண்டும் என்று அவர்களே அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு முனையைச் சுருட்டிக்கொண்டால் தலைக்கு வைத்துக்கொள்ளலாம். அன்று இரவு முழுக்க அவன் முகத்தில் மூட்டைப்பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.